லேண்ட்மாஸ்டரைச் செய்தவர் விமானமும் செய்தார்

மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை, வட்டைக்குப் போகிற எவருக்கும் லேண்ட்மாஸ்டர் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. இரண்டு சக்கரம், நீண்ட இரண்டு கைபிடி. உழுவதற்கும் அதுதான், பின்னால் பெட்டியைப் பூட்டி நெல் மூட்டை ஏற்றுவதற்கும் அதுதான். இன்று ஓடுபவை பெரும்பாலும் ஜப்பான், சீனத் தயாரிப்புகள். பெயர் மட்டும் மாறவில்லை.

அந்தப் பெயர் ஓர் இலங்கையர் வடிவமைத்த இயந்திரத்தின் பெயர். அவர் ரே விஜேவர்தன. 1924இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். விமானப் பொறியியலும் அதில் அடங்கும். 1950களில் சிறு விவசாயிக்காக அவர் வடிவமைத்த இரு சக்கர உழவு இயந்திரம் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் தயாரிக்கப்பட்டு, லேண்ட்மாஸ்டர் என்ற பெயரில் பல நாடுகளுக்குப் போனது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் இலங்கைக்காகப் போட்டியிட்டவரும் இவரே. பிற்காலத்தில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தார். 2010இல் காலமானார்.

பலருக்குத் தெரியாத பக்கம் ஒன்று உண்டு. அவர் ஒரு விமானி. மிக இலகுவான சிறு விமானங்களைத் தானே வடிவமைத்து, தானே கட்டி, தானே ஓட்டினார். கம்பனி செய்த விமானத்தை வாங்கி ஓட்டுவது ஒன்று. தன் கையால் முறுக்கிய ஆணியை நம்பி வானத்தில் ஏறுவது வேறொன்று. பிழை விட்டால் முதலில் விழுவது செய்தவரே.

லேண்ட்மாஸ்டரையும் சிறு விமானத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் பெரிய இயந்திரத்தைச் சிறிதாக்கி, தனி ஒருவரின் கைக்குக் கொடுக்கும் முயற்சி. உரிமையாளரே ஓட்டுநர்.

இதே ஆசை அமெரிக்காவில் இன்னொரு படி மேலே போனது. பெரும் பணக்காரர்களும் கம்பனிகளும் மட்டும் வைத்திருந்த ஜெட் விமானத்தை, சொந்தக்காரர் தனியாக ஓட்டும் அளவுக்குச் சிறிதாக்க முடியுமா என்று கேட்டார்கள். எடை ஏறத்தாழ நாலரை தொன்னுக்குள், ஒரே விமானி, நான்கைந்து இருக்கை. இதற்கு 'மிக இலகு ஜெட்' என்று பெயர் வந்தது.

மைக்ரோசொப்ட் கம்பனியில் முன்பு வேலை செய்த வெர்ன் ரபர்ன் 1998இல் எக்லிப்ஸ் என்ற கம்பனியைத் தொடங்கினார். பில் கேட்ஸும் பணம் போட்டார். பத்து இலட்சம் டொலருக்கும் குறைவாக ஒரு ஜெட் என்பதே வாக்குறுதி. கணினி மலிந்ததைப் போல விமானமும் மலியும் என்ற கணக்கு. நூற்றுக்கணக்கில் செய்தால்தான் அந்த விலை கட்டும். அதற்கு முன்பே ஓடர்கள் குவிந்தன, முற்பணமும் சேர்ந்தது.

சிக்கல் என்ஜினில் தொடங்கியது. ஏவுகணைகளுக்குச் சிறு ஜெட் என்ஜின் செய்த வில்லியம்ஸ் கம்பனியிடம், இரண்டு ஆள் தூக்கிவிடக்கூடிய ஒரு குட்டி என்ஜினை எக்லிப்ஸ் நம்பியிருந்தது. 2002 ஓகஸ்டில் விமானம் முதன்முதலாகப் பறந்தது. அதே ஆண்டிலேயே அந்த என்ஜின் சரிவராது என்று கைவிட்டார்கள். வேறு கம்பனியின் கனமான என்ஜின் வந்தது. என்ஜின் கனத்தால் எரிபொருள் கூடும், எரிபொருள் கூடினால் சிறகும் உடலும் மாற வேண்டும். ஒன்று மாறினால் எல்லாம் மாறும். நான்கு ஆண்டுகள் கழித்து, 2006 செப்டெம்பரில் சான்றிதழ் கிடைத்தது. விமானங்கள் வாடிக்கையாளரிடம் போனபோது கருவிகளில் சில வேலைகள் இன்னும் முடிந்திருக்கவில்லை. 2008இல் விலை 20 இலட்சம் டொலரைத் தாண்டியது. அந்த நவம்பரில், ஏறத்தாழ 260 விமானங்களைக் கொடுத்த நிலையில், கம்பனி வங்குரோத்தானது. முற்பணம் கட்டியிருந்த பலருக்குப் பணமும் இல்லை, விமானமும் இல்லை.

இனி மற்றக் கதை. விஸ்கொன்சின் மாநிலத்தில் தங்கள் பெற்றோரின் மாட்டுத் தொழுவத்தில் இரண்டு சகோதரர்கள் 1984இல் விமானம் கட்டத் தொடங்கினார்கள். அலன், டேல் கிளாப்மையர். நம் ரே விஜேவர்தனவைப் போல வீட்டிலேயே கட்டுகிறவர்கள். கம்பனிக்கு சிரஸ் என்று பெயர். அடுத்த ஆண்டு அலன் ஓட்டிய சிறு விமானம் வானத்தில் இன்னொரு விமானத்துடன் மோதியது. சிறகின் ஒரு பகுதி போன நிலையில் அவர் இறங்கித் தப்பினார். மற்ற விமானி இறந்துவிட்டார்.

விமானிக்கு வழியே இல்லாதபோது என்ன செய்வது என்ற கேள்வி அந்த விபத்திலிருந்து அவரைத் தொடர்ந்தது. விடை, முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் ஒரு பரசூட். 1998இல் சான்றிதழ் பெற்ற அவர்களின் எஸ்.ஆர். 20 விமானத்தில் அது பொருத்தப்பட்டிருந்தது. பிறகு ஜெட். அதற்கிடையில் 2008 நெருக்கடியில் சிரஸும் பணமின்றித் தடுமாறியது. 2009இல் அலன் வெளியேறினார். 2011இல் ஒரு சீன அரசுக் கம்பனி சிரஸை வாங்கியது. வேலை மட்டும் நிற்கவில்லை. 2016 ஒக்டோபரில் விஷன் ஜெட் சான்றிதழ் பெற்றது. முதுகில் ஒரே என்ஜின், மூக்கில் பரசூட். அந்த என்ஜினும் வில்லியம்ஸ் கம்பனியுடையதுதான். ஆனால் வேறொரு, பெரிய வகை. 2020இல் இன்னொரு வசதி சேர்ந்தது. விமானி மயங்கினால் பயணி ஒரு பொத்தானை அழுத்தலாம், விமானம் தானே ஓடுபாதை தேடி இறங்கும். 2022இல் புளோரிடாவில் ஒரு விஷன் ஜெட்டின் பரசூட் விரிந்து, உள்ளே இருந்த மூவரும் உயிர் தப்பினர்.

எக்லிப்ஸிலும் திறமையான பொறியியலாளர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களின் முதல் கேள்வி விலை பற்றியது. சிரஸின் முதல் கேள்வி, ஓட்டுகிறவர் தவறினால் என்ன ஆகும் என்பது. உரிமையாளரே ஓட்டும் விமானத்தில் இரண்டாவது விமானி இல்லை. ஆகவே அந்தக் கேள்விதான் முக்கியம்.

இப்படி ஒரு கேள்வி ரே விஜேவர்தனவுக்கும் வந்தது. லேண்ட்மாஸ்டர் புகழ் பெற்ற காலத்தில் அமெரிக்கச் சிந்தனையாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் அவரிடம் கேட்டார்: நீங்கள் விவசாயத்தை மேம்படுத்தினீர்களா, இல்லை எருமையை இயந்திரமாக்கினீர்களா? அந்தக் கருத்தில் வந்த கேள்வியை ரே மறைக்கவில்லை, தானே வெளியில் சொன்னார். பிறகு நைஜீரியாவின் இபாதான் ஆராய்ச்சி நிலையத்தில், உழாமலே பயிரிடும் முறைக்கான கருவிகளில் வேலை செய்தார். நாடு திரும்பி கிளிரிசிடியா மரத்தால் மண்ணை வளப்படுத்துவது பற்றிப் பேசினார். உழவு இயந்திரத்தால் பெயர் பெற்றவர், உழவே வேண்டுமா என்று கேட்டார்!

ஆசிரியர்களாகிய நாம் இதை யோசிக்க வேண்டும். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்த பிறகு நம் பாடசாலைகளிலும் செயற்றிட்டங்கள் நடக்கின்றன. நாம் புள்ளி போடுகிறோம், கண்காட்சியில் வைக்கிறோம், படம் எடுத்துப் பதிவிடுகிறோம். "மகன், இதை யார் பாவிப்பார்? அவர் கை தவறினால் என்ன நடக்கும்?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்? விமானம் செய்ய நம்மிடம் பணமில்லை என்பது உண்மை. கேள்வி கேட்கப் பணம் தேவையில்லை.

நம் ஊர்களிலும் வயலின் சேற்றுக்கு ஏற்றபடி சக்கரத்தை மாற்றி ஒட்டிக் கொடுத்த, பழைய என்ஜினைப் படகில் ஏற்றி ஓடவிட்ட கராஜ்காரர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். எந்தப் புத்தகத்திலும் அவர்கள் இல்லை. உங்கள் வாப்பாமாரிடம் கேட்டு, என்ன செய்தார்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். சேர்த்து வைப்போம், வகுப்பில் சொல்லிக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.