வாய்க்காலுக்கு மேற்கே: புதுச்சேரி மரபுரிமை நடையும் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையும்

புதுச்சேரியைக் காண வருவோர் மேற்கொள்ளும் மரபுரிமை நடை பெரும்பாலும் கடற்கரைச் சாலையில் தொடங்குகிறது. மஞ்சளும் வெள்ளையும் பூசிய உயர்ந்த மதில்கள், வளைவு வாயில்கள், காகிதப்பூக் கொடிகள் ஆகியவற்றினூடே சென்று, பெரிய வாய்க்காலை எட்டும் வேளையில் அது களைத்துவிடுகிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழ்ப் பகுதி. ஆட்சியாளர் வழக்கில் இவை வெள்ளை நகர், கறுப்பு நகர் எனப் பெயர் பெற்றிருந்தன. பழைய புதுச்சேரி கிழக்கில்தான் இருக்கிறது என்ற எண்ணத்தை இந்நடை உறுதிப்படுத்துகிறது. கட்டிடங்களின் காலத்தைக் கணக்கிட்டால் அவ்வெண்ணம் நிலைக்காது.

1674இல் பிரான்சுவா மர்த்தேன் நிலைபெறச் செய்த குடியேற்றம் 1693இல் டச்சுக்காரர் வசமாகி, 1699இல் பிரெஞ்சுக்காரரிடம் மீண்டது. இன்று பலரும் பிரெஞ்சு நகரமைப்பின் அடையாளமாகப் போற்றும் நேர்கோட்டு வீதிகளுக்கு அடிப்படை, இடைப்பட்ட ஆண்டுகளில் டச்சுக்காரர் வரைந்த திட்டமாகும். துய்ப்ளே ஆளுநராக இருந்த 1742 முதல் 1754 வரையிலான காலத்தில் நகரம் தன் செழிப்பின் உச்சத்தைக் கண்டது. அந்நகரம் இன்று இல்லை. 1758இல் லாலி கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றித் தகர்த்தார். 1761 ஜனவரியில் அயர் கூட்டின் முற்றுகைக்குப் புதுச்சேரி பணிந்தபோது ஆங்கிலேயர் அதற்கு ஈடு செய்துகொண்டனர். கோட்டையும் ஆளுநர் மாளிகையும் ஐரோப்பியர் இல்லங்களும் தரைமட்டமாயின. 1763ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி 1765இல் நகரைத் திரும்பப் பெற்ற லா தெ லொரிஸ்தோன், பழைய வீதிக் கோடுகளின்மேல் புதிய கட்டிடங்களை எழுப்பத் தொடங்கினார். ஆக, துய்ப்ளே காலத்து நகரைத் தேடிக் கிழக்குப் பகுதியில் நடப்பவர் காண்பது, பெரும்பாலும் துய்ப்ளே கண்டிராத நகரையே. பாரதி பூங்காவின் நிழலில் இளைப்பாறுவோர் அமர்ந்திருப்பது இடிக்கப்பட்ட லூயி கோட்டையின் நிலத்தில். அதைச் சொல்லும் ஒரு கல்லேனும் நடப்பவர் கண்ணில் எளிதில் படுவதில்லை.

பூங்காவை அடுத்துள்ள அருங்காட்சியகம் இக்குறையை ஓரளவே ஈடுசெய்கிறது. அதன் சிறப்பு அரிக்கமேட்டுப் பொருள்களில் இருக்கிறது. ஜூவோ துப்ரே முதலில் கவனத்திற்குக் கொணர்ந்து, 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அத்துறைமுகத்தின் மணிகளும், ரோமானியச் சாடி ஓடுகளும், இக்கடற்கரையின் வணிகம் பிரெஞ்சுக் கம்பெனிக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது என்பதைக் காட்டுகின்றன. அடுத்து வருவன பிரெஞ்சுக் காலத்துக் கட்டில்களும் நாற்காலிகளும் பல்லக்குகளும். இவ்விரண்டுக்கும் நடுவே, கம்பெனியின் வணிகத்தை உண்மையில் நடத்திய தமிழ் வணிகரின் உலகம் விடுபட்டு நிற்கிறது. பல்லக்கு இருக்கிறது, அதில் ஏறியவரைப் பற்றிய கதை இல்லை.

அக்கதையை அறிய வாய்க்காலைக் கடக்க வேண்டும். மேற்கே செல்லும் இரங்கப் பிள்ளை வீதியில் அங்காடியின் சந்தடிக்கு நடுவே நிற்கிறது ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. 1738ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் இது, 1761ஆம் ஆண்டின் அழிவுக்கு முற்பட்டதாக அறியப்படும் மிகச் சில கட்டிடங்களுள் முதன்மையானது. கீழ்த்தளம் முற்றிலும் தமிழ் வீடு: நடுவில் முற்றம், அதைச் சூழ மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம். மேல்தளத்தில் மரம் மறைந்து, சுதை பூசிய ஐரோப்பியப் பாணித் தூண்கள் வருகின்றன. இதனை இரு பண்பாடுகளின் இணக்கம் என்று வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். அது முழு விளக்கமாகாது. 1709இல் பிறந்து, துணியும் பாக்கும் விற்று, 'ஆனந்தப் புரவி' என்னும் சொந்தக் கப்பலை ஓட்டி, துய்ப்ளேயின் தலைமைத் துபாஷாக உயர்ந்த ஒருவருக்கு, இரு தளங்களும் தொழிலின் தேவையாகவே இருந்தன எனலாம். கீழே அவர் தம் சாதியாருக்கும் உறவினருக்கும் உரியவர். மேலே கம்பெனிக்கு உரியவர்.

இவ்வீட்டுக்குரியவர் விட்டுச்சென்ற மற்றொரு கட்டுமானம் அவரது நாட்குறிப்பு. 1736 செப்டம்பரில் தொடங்கும் அது, சில இடைவெளிகளோடு அவர் வாழ்நாளின் இறுதிவரை நீள்கிறது. கப்பல் வரவு, சரக்கு, விலை, வழக்கு, விருந்து, வதந்தி, சோதிடம் என எதையும் அவர் ஒதுக்கவில்லை. போர்த்துக்கீசும் பிரெஞ்சும் பாரசீகமும் கலந்த அக்காலப் பேச்சுத் தமிழ் அதில் உயிரோடு இருக்கிறது. 1846இல் கலுவா மொம்பிரேன் கைப்பிரதியைக் கண்டறிந்து படியெடுக்கச் செய்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. தமிழ் மூலம் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியதோ 1948இல்தான். நகரம் வீழ்ந்த அதே ஜனவரியில் பிள்ளையும் மறைந்தார்.

நாட்குறிப்பைக் கையில் கொண்டு நடந்தால் வீதிகள் வேறாகத் தெரியும். மிஷன் வீதியின் மாதா கோயில் 1791இல் நிறைவுற்றது. பழைய தேவாலயம் இருந்த இவ்விடத்தை ஒட்டியே வேதபுரீசுவரர் கோயில் நின்றது. 1748ஆம் ஆண்டின் ஆங்கிலேய முற்றுகையின்போது அது இடிக்கப்பட்டது. அந்நாட்களின் பேச்சுகளையும் அச்சத்தையும் பிள்ளை விரிவாகப் பதிந்திருக்கிறார். அவர் வெறும் பார்வையாளர் அல்லர். அதிகாரத்தோடு அன்றாடம் உறவாடி, அதனால் செல்வம் ஈட்டியவர். ஆகவே அவரது சாட்சியத்தை அவர் நின்ற இடத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஆயினும் தரையில் தடயமற்றுப்போன ஒரு நிகழ்ச்சிக்கு வேறெந்தத் தமிழ்ச் சாட்சியமும் இத்துணை நெருக்கமாக வாய்க்கவில்லை.

தமிழ்ப் பகுதியின் வீடுகள் தெருவை நோக்கித் திறப்பவை. பிரெஞ்சு இல்லம் மதிலுக்குப் பின் ஒதுங்கியிருக்க, தமிழ் வீடு வழிப்போக்கர் ஒதுங்கத் தெருத் தாழ்வாரத்தையும், அமரத் திண்ணையையும் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ், வைசியாள் வீதி எனப்படும் கால்வே சுப்பராய செட்டி வீதியில் இத்தாழ்வார வரிசை மீட்கப்பட்டது. அப்பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. ஈசுவரன் தருமராசா கோயில் வீதியில் பாரதி வாழ்ந்த இல்லமும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் இல்லமும் அருங்காட்சியகங்களாகியுள்ளன. கவிஞர் வாழ்ந்ததால் அவை தப்பின. பெயர் பெற்றவர் எவரும் வாழாத வீட்டுக்கு அத்தகைய காப்பு இல்லை. 2014 நவம்பர் மழையில் இடிந்த கடற்கரை மேரி கட்டிடம் பழைய வடிவிலேயே எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. மேற்கே இடியும் வீட்டின் இடத்தில் பெரும்பாலும் அடுக்குக் கட்டிடமே எழுகிறது. அதற்குத் திண்ணை இருப்பதில்லை. இருந்த இடத்தில் இருசக்கர வண்டிகள் நிற்கின்றன.