மாருதி எஞ்சினில் பிறந்த ஃபார்முலா கார்

திருப்பத்தூரிலிருந்து நெல்லிவாசல்நாட்டுக்கு ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தேன். வளைவுக்கு வளைவு கியர் மாற்றியபடி டிரைவர் தம்பி கேட்டார்: “ரேஸ் காரெல்லாம் வெளிநாட்டுலதானே சார் செய்வாங்க?”

அவருக்குச் சொன்ன கதைதான் இந்த வாரம்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் அன்று பந்தயம். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தியது. கூட்டம் அலைமோதும். ஆனால் சக்கரங்கள் வெளியே தெரியும் நல்ல ஃபார்முலா காருக்குக் கடல் தாண்டிப் போக வேண்டும். அது வசதி படைத்தவர்களால்தான் முடிந்தது. திறமை இருந்தும் கார் இல்லாத பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

கோவையின் எஸ். கரிவரதனுக்கு இந்த நிலை பிடிக்கவில்லை. சோழவரத்தில் தானே ஓட்டி வென்றவர். கார் கட்டவும் தெரிந்தவர். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, சில ஆண்டுகளில் ஊரெங்கும் ஓடத் தொடங்கியிருந்தது. அதன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைக் காரில் பூட்டினார். 1980-களின் பிற்பகுதியில் பிறந்தது ஃபார்முலா மாருதி. உதிரி பாகம் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கார் என்பதால், முந்துவது ஓட்டுபவரின் கையிலும் காலிலும்தான். நம் பந்தய வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்பேன்.

1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வந்தது. ஃபார்முலா மாருதி அங்கே சீறியது. அதை ஓட்டிப் பழகிய பதின்வயதுக் கோவைப் பையன்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன்.

1995-இல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். நரேன் ஃபார்முலா 1-இல் நுழைந்ததை அவர் பார்க்கவில்லை.

2005 ஜூன் 19. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் ஃபார்முலா 1 பந்தயம். சாய்தளம் கொண்ட அதிவேக வளைவை மிச்செலின் டயர்கள் தாங்கவில்லை. அந்த டயர் போட்ட 14 கார்களும் தொடக்கத்திலேயே விலகின. மிஞ்சியவை ஆறு. ஜோர்டான் அணிக்காக ஓட்டிய நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா 1-இல் புள்ளி பெற்ற முதல் இந்தியர். ஆறு கார்தானே என்று அதைக் குறைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கடைசிக் கொடி வரை அவரும் அவர் காரும் நின்றார்கள்.

ஜீப் மேலே ஏறியதும் தம்பி மறுபடி கேட்டார்: “நம்ம மாருதி எண்ணூறு எஞ்சினா சார்?”

“அதேதான் தம்பி.”