லோஞ்சினுஸின் ஈட்டி: ‘எவாஞ்சலியன்’ சிலுவை வெறும் அலங்காரமா?

ஹிதெயாக்கி அன்னோ இயக்கி, 1995 ஒக்டோபர் முதல் 1996 மார்ச் வரை 26 அங்கங்களாக ஒளிபரப்பான ‘நியோன் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’ தொடரின் சிலுவைகளுக்குப் பொருளேதும் இல்லை என்பது ஆய்வாளர் பலருக்கு முடிந்துபோன விடயம். அந்த முடிவு ஒரேயொரு சாட்சியத்தின் மேல் நிற்கிறது. உதவி இயக்குநர் கசுயா சுருமாக்கி பின்னாளில் இரசிகர்களுக்குச் சொன்ன விடை அது: இராட்சத ரோபோத் தொடர்கள் மலிந்த ஜப்பானில் தங்களுடையது தனித்துத் தெரியவேண்டியிருந்தது, கிறிஸ்தவம் அங்கே அரிதாகையால் மர்மமாகத் தோன்றும், பணிபுரிந்தோரில் கிறிஸ்தவர் எவருமில்லை, சின்னங்கள் பார்வைக்கு எடுப்பாக இருந்தன, அவ்வளவுதான்.

அவர் சொன்னதை நான் ஐயுறவில்லை. ஆனால் அது சின்னங்களை ஏன் எடுத்தார்கள் என்பதற்குத்தான் சாட்சி. எடுத்தவை கதைக்குள் என்ன செய்கின்றன என்பதைப் படைப்பிடமே கேட்கவேண்டும்.

நிலத்தடியில் செந்நிறச் சிலுவையில் அறையப்பட்டிருக்கும் வெண்ணிற உருவத்தைப் பார்ப்போம். அதன் முகமூடியில் ஏழு கண்கள். திருவெளிப்பாடு 5:6இல் ஏழு கண்கள் உள்ளது கொல்லப்பட்ட நிலையில் தோன்றும் ஆட்டுக்குட்டிக்கு. சிலுவையையும் அந்தக் கண்களையும் ஒரே உடலில் சேர்த்தது தற்செயல் என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். அவ்வுருவத்தில் பாய்ந்திருக்கும் லோஞ்சினுஸின் ஈட்டியை என்ன செய்வது? யோவான் 19:34இல் விலாவைக் குத்தும் படைவீரனுக்குப் பெயரில்லை. லோஞ்சினுஸ் என்பது பிந்திய மரபு தந்த பெயர். தொடரில் அவ்வீட்டி ஏறியிருக்கும்வரை அவ்வுருவத்துக்குக் கால்கள் இல்லை. 22ஆம் அங்கத்தில் ரோபோவை இயக்கும் சிறுமி ரெய் அதைப் பிடுங்கியதும் கால்கள் முளைக்கின்றன. சிலுவையில் தொங்கும் உடலிலிருந்து வடியும் திரவந்தான் ரோபோவுக்குள் அமரும் பிள்ளைகளின் நுரையீரலை நிரப்புகிறது. குத்தப்பட்ட விலாவிலிருந்து இரத்தமும் நீரும் வழிந்ததை அறிந்த வாசகருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். சிலுவையையும் ஈட்டியையும் எடுத்துவிட்டால் கதை நகராது. அலங்காரமென்றால் எடுத்த பின்னும் நகர்ந்திருக்கும்.

1972இலேயே ‘அல்ட்ராமேன் ஏஸ்’ தன் வீரர்களைக் கொல்கொதா என்ற கோளில் சிலுவையில் ஏற்றிவிட்டது, இதுவும் அந்த வழிவந்ததே என்பார்கள். இருக்கட்டும். கடன் வாங்கியதாலேயே ஒரு சின்னம் பொருளிழந்துவிடாது.

பணிபுரிந்தோர் கிறிஸ்தவரல்லர் என்ற வாதம் வன்னியிலுள்ள மாங்குளத்திலிருந்து பார்க்கையில் இன்னும் மெலிகிறது. கத்தோலிக்கத் திருத்தலமான மடுவின் மாதாவிடம் சைவரும் போகிறார்கள், சிங்கள பௌத்தரும் போகிறார்கள். மடு மண் பாம்புக் கடிக்குக் காப்பு என்று எடுத்துவருவோர் எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றவர்களா? அவர்கள் கையில் அந்த மண்ணுக்குப் பொருளில்லை என்று வன்னியில் எவரும் சொல்லார். திருச்சபை தரும் பொருள் முழுவதும் அங்கே இராமல் போகலாம். அது வேறு கேள்வி. அன்னோவின் தொடரிலும் உயிர்ப்பு பற்றிய போதனையை நான் தேடவில்லை. பாடுகளின் கதையமைப்பு அங்கே இயங்குகிறது என்பதே என் வாதம்.

தொடரில் பகைவர் அழியும்போது சிலவேளைகளில் வானளாவ எழும் சிலுவை வடிவ வெடிப்புகள் மட்டும் மிஞ்சுகின்றன. அவற்றில் எடுப்பான தோற்றம் தவிர வேறெதுவும் எனக்கு அகப்படவில்லை. அவற்றைச் சுருமாக்கிக்கே விட்டுவிடலாம்.