குறைந்த விலையில் ஹெட்போனும் ஒலிக்கருவிகளும்

இக்கட்டுரை இந்தியச் சந்தையில் ஏறத்தாழ 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய் வரை விற்கும் ஹெட்போன், இயர்போன் வகைகளையும், அவற்றோடு வாங்கப்படும் டேக், ஆம்ப்ளிஃபயர், சிறு ஸ்பீக்கர் ஆகியவற்றையும் பற்றியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்த விலையில் நல்ல ஒலி கிடைப்பது அரிது. இன்று தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் அதே விலையில் மோசமான பொருட்களும் குவிந்து கிடப்பதால், பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்பது தெரிந்திருக்க வேண்டும். முதலில் காதைத் தொடும் பொருள். அடுத்து அது காதில் சரியாகப் பொருந்துவது. மற்றவை எல்லாம் பணம் மிஞ்சினால் மட்டும்.

வரலாறு

ஹெட்போன் முதலில் தொலைபேசி இணைப்பகத்துக்கும் வானொலி நிலையத்துக்கும் உரிய வேலைக் கருவியாக இருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நாதானியேல் பால்ட்வின் தம் வீட்டுச் சமையலறையில் கையால் செய்த ஹெட்போன்களை 1910இல் அமெரிக்கக் கடற்படை வாங்கியது. பெர்லினில் ஆய்கன் பேயர் நிறுவிய நிறுவனம் 1937இல் டிடி 48 என்ற மாதிரியை வெளியிட்டது. இன்று பெரும்பாலான ஹெட்போன்களில் இருக்கும் ‘டைனமிக்’ டிரைவர், அதாவது காந்தப்புலத்துக்குள் அசையும் கம்பிச்சுருளும் அதோடு ஒட்டிய மெல்லிய சவ்வும், அதில்தான் முதலில் பயன்பட்டது. 1958இல் மில்வாக்கி நகரின் ஜான் கோஸ், ஸ்டீரியோ இசை கேட்பதற்கென்றே ஒரு ஹெட்போனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்கான பொருளாக ஹெட்போன் மாறியது அதன் பிறகுதான்.

குறைந்த விலைக் கதையில் மூன்று மாதிரிகள் முக்கியமானவை. 1968இல் வந்த சென்ஹைசர் எச்டி 414, பின்புறம் திறந்த அமைப்புடைய முதல் ஹெட்போன். எடை குறைவு, பாகங்களைக் கழற்றி மாற்றலாம், ஒரு கோடிக்கு மேல் விற்றது. 1979 ஜூலையில் சோனி வாக்மேனோடு வந்த இலகுவான ஹெட்போன், தெருவில் நடந்துகொண்டே கேட்கும் பழக்கத்தை உலகுக்குக் கொடுத்தது. 1984இல் வந்த கோஸ் போர்ட்டா ப்ரோ அதே தோற்றத்தோடு இன்றும் தயாரிக்கப்படுகிறது. நாற்பது ஆண்டுகள் தாண்டியும் குறைந்த விலைப் பரிந்துரைகளில் அதன் பெயர் இருப்பது, ஒலிக்கருவியில் புதியது என்பதும் நல்லது என்பதும் ஒன்றல்ல என்பதற்குப் போதிய சான்று.

2010களின் பிற்பகுதியில் சீன நிறுவனங்கள் இந்த வரலாற்றைத் திருப்பிப்போட்டன. கேஇசட், மூன்ட்ராப் போன்ற பெயர்கள் அப்போது பரவின. 2022இல் வெளிவந்த மூன்ட்ராப் சூ, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஸீரோ ஆகிய இரண்டும் சுமார் 20 டாலர் விலையில், அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை பல மடங்கு விலைக்கு விற்ற இயர்போன்களின் ஒலிச் சமநிலையைத் தந்தன.

விலையும் ஒலியும்

விலை ஏற ஏற ஒலி மேம்படும் என்பது பரவலான நம்பிக்கை. 2017இல் யெரூன் பிரேபார்ட் வெளியிட்ட ஆய்வு 283 ஹெட்போன் மாதிரிகளின் அளவீடுகளை அவற்றின் விற்பனை விலையோடு ஒப்பிட்டது. அதிர்வெண் துலங்கலுக்கும் விலைக்கும் இடையே தொடர்பு எதுவும் காணப்படவில்லை. அதிர்வெண் துலங்கல் என்பது, அடித்தாயியில் தொடங்கி உச்சம் வரை எந்தச் சுருதியை எவ்வளவு உரக்கத் தருகிறது என்ற கணக்கு. கேட்பவரின் காதுக்கு ஒரு ஹெட்போன் எப்படி ஒலிக்கிறது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இதுதான்.

எந்தத் துலங்கல் நல்லது என்ற கேள்விக்கு ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஓலிவ், டாட் வெல்டி ஆகியோர் 2010களில் தொடர் சோதனைகள் நடத்தினர். நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கர்களைப் போல ஒலிக்கும் ஹெட்போனையே பெரும்பாலோர் விரும்பினர். சிலருக்குப் பாஸ், அதாவது அடித்தாயி ஒலி, கூடுதலாகவும் சிலருக்குக் குறைவாகவும் வேண்டியிருந்தது. இதிலிருந்து பிறந்த ‘ஹார்மன் இலக்கு’ என்ற வளைகோடு வெளிப்படையாகக் கிடைப்பதால், சிறு நிறுவனங்களும் அதை வைத்துத் தம் பொருளைச் சரிசெய்ய முடிந்தது. குறைந்த விலையில் நல்ல ஒலி வந்ததற்கு இது பெரிய காரணம்.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்குப் போகிறது? உறுதியான உலோகச் சட்டம், வசதியான காது மெத்தை, புளூடூத், இரைச்சல் நீக்கம், நிறுவனத்தின் விளம்பரம். இவற்றில் முதல் நான்கும் சிலருக்கு உண்மையாகவே தேவைப்படும். அதற்குக் கொடுக்கும் பணம் ஒலிக்காகக் கொடுப்பதல்ல என்ற தெளிவு இருந்தால் ஏமாற்றம் வராது.

பொருத்தம்

காதுக்குள் நுழையும் இயர்போனில் காற்று கசிந்தால் பாஸ் காணாமல் போகும். ‘இதில் பாஸே இல்லை’ என்று திருப்பி அனுப்பப்படும் இயர்போன்களில் பல உண்மையில் சரியாக அடைக்காதவை. பெட்டியோடு வரும் மூன்று அளவு ரப்பர் முனைகளையும் போட்டுப் பார்க்க வேண்டும். இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு அளவு தேவைப்படுவது இயல்பே. எந்த அளவும் ஒத்துவராவிட்டால், சில நூறு ரூபாயில் கிடைக்கும் நுரை முனைகள் புதிய இயர்போன் வாங்கும் செலவை மிச்சப்படுத்தும்.

தலையில் மாட்டும் ஹெட்போனில் பின்புறம் திறந்தவை, மூடியவை என இரு வகை. திறந்தவை விசாலமாக ஒலிக்கும், காது வேர்ப்பதும் குறைவு; ஆனால் மின்விசிறிச் சத்தம் முழுவதும் உள்ளே வரும், பாட்டு முழுவதும் வெளியே போகும். தனி அறை உள்ளவருக்கு இவை சிறந்த தேர்வு. சாம்சன் எஸ்ஆர்850, சூப்பர்லக்ஸ் எச்டி 668பி போன்ற பாதி திறந்த மாதிரிகள் குறைந்த விலையில் இந்த வகையை அறிமுகப்படுத்தும். இரண்டிலும் ட்ரெபிள், அதாவது உச்ச ஒலி, சற்றுக் கூர்மையாக இருக்கும். கூட்டுக் குடும்பத்திலோ விடுதியிலோ அலுவலகத்திலோ இருப்பவருக்கு மூடியது அல்லது காதுக்குள் நுழைவது மட்டுமே நடைமுறைக்கு ஒத்துவரும்.

கேட்டுப் பார்த்தல்

வாங்குமுன் கேட்க வாய்ப்பிருந்தால், பல ஆண்டுகளாகக் கேட்டு ஒவ்வொரு அசைவும் மனத்தில் பதிந்த பாடல்களை எடுத்துச் செல்வது நலம். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாடல் எந்த ஹெட்போனிலும் நன்றாக ஒலிக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது.

கர்நாடக இசைப் பதிவுகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. மின்னணு இசையில் மறைந்துபோகும் குறைகள் இவற்றில் உடனே வெளிப்படும். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் கும்கி, பாஸ் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடும்: சுருதி ஏறி இறங்குவது தெளிவாகக் கேட்க வேண்டும், வெறும் ‘டம்’ என்று ஊதிக் கிடந்தால் பாஸ் அளவுக்கு மீறிக் கூட்டப்பட்டிருக்கிறது. வலந்தலையின் சாப்பு கணீரென்று ஒலித்துத் தேய வேண்டும். தம்புராவின் ரீங்காரம் மேற்சுரங்கள் நிறைந்தது. ட்ரெபிளில் எங்காவது திடீர் மேடு இருந்தால் அந்த இடம் மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். நாகசுரம் காதைக் குத்தினால் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மிகை என்று ஊகிக்கலாம். பெண் குரலில் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் சீறினால் அதற்கும் மேலே, 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் பகுதியில் கோளாறு. திரையிசை மட்டுமே கேட்பவர், பாஸ் கிட்டார் தனி வழியில் நடக்கும் இளையராஜா பாடல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். குரலையும் வயலின்களையும் மறைக்காமல் அந்த பாஸ் வரியைக் கடைசிவரை பின்தொடர முடிந்தால் அது தேறிய ஹெட்போன்.

இரண்டை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக்குவது கட்டாயம். சற்று உரக்க ஒலிப்பது எதுவோ அதுவே நல்லது என்று மூளை முடிவு செய்துவிடும். இணையத்தில் வாங்குவோர், திருப்பி அனுப்பும் வசதியும் கால அளவும் உள்ள விற்பனையாளரிடம் வாங்கி, அந்த நாட்களுக்குள் இந்தச் சோதனைகளை முடித்துவிட வேண்டும். நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி பிரமாதமாகிவிடும் என்ற வாக்குறுதியை நம்பிக் காத்திருந்தால் திருப்பும் நாள் கடந்துவிடும். காத்திருக்கும் நாட்களில் பெரும்பாலும் கேட்பவரின் காதுதான் பழகிக்கொள்கிறது.

டேக், ஆம்ப்ளிஃபயர்

எண்களாகச் சேமித்த இசையை மின் அலையாக மாற்றுவது டேக். அந்த அலைக்கு வலுவூட்டுவது ஆம்ப்ளிஃபயர். கைபேசியிலும் கணினியிலும் இரண்டும் ஏற்கெனவே உள்ளன. 2016இல் ஐபோன் 7 இயர்போன் துளையைக் கைவிட்ட பிறகு மற்ற நிறுவனங்களும் அவ்வழியே போனதால், யூஎஸ்பி-சி துளையில் செருகும் சிறு மாற்றி இப்போது பலருக்குத் தேவைப்படுகிறது. ஆப்பிள் விற்கும் சாதாரண மாற்றியே அளவீடுகளில் காதால் பிடிக்க முடியாத அளவு சுத்தமானது. பட்ஜெட்டுக்குள் வாங்குபவர் டேக்குக்கு இதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை.

ஆம்ப்ளிஃபயர் வேண்டுமா என்பதை எளிய கணக்கால் அறியலாம். ஒரு மாற்றி 1 வோல்ட் தருகிறது என்று கொள்வோம். 32 ஓம் இம்பீடன்ஸ் (மின்மறுப்பு) உள்ள ஹெட்போனுக்கு அது 31 மில்லிவாட். 300 ஓம் ஹெட்போனுக்கு வெறும் 3.3 மில்லிவாட். இரண்டின் உணர்திறனும் மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் என்றால், முதலாவது அதிகபட்சம் 115 டெசிபெலும் இரண்டாவது 105 டெசிபெலும் எட்டும். இரண்டுமே காதுக்குத் தேவையானதைவிட அதிகம். ஆகவே இந்த விலைப் பிரிவின் ஏறக்குறைய எல்லா ஹெட்போன்களுக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் வீண் செலவு. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ போன்றவை ஒரே பெயரில் 32, 80, 250 ஓம் என்று பல வகைகளில் விற்கப்பட்டுள்ளன. கைபேசியில் கேட்பவர் குறைந்த ஓம் வகையை எடுத்தால் போதும்.

ஆயிரக்கணக்கில் விலை சொல்லப்படும் வெள்ளிக் கம்பி, தங்க முலாம் கேபிள் ஆகியவற்றுக்கு ஒரு ரூபாயும் ஒதுக்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஈடாக இலவசமாகவே கிடைப்பது, ஒலிச் சமநிலையைத் திருத்தும் ஈக்வலைசர். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் போன்ற செயலிகளில், குறிப்பிட்ட ஹெட்போன் மாதிரிக்கு ஏற்ற திருத்தங்களை அப்படியே இறக்கலாம். சுமாரான ஹெட்போனைத் தேறியதாக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

கம்பியில்லாதவை

1,500 ரூபாய் இயர்பட்ஸில் இரண்டு சிறு பேட்டரி, பெட்டிக்குள் ஒரு பேட்டரி, புளூடூத் சில்லு, மைக், டிரைவர் ஆகிய அனைத்தும் அடங்கியாக வேண்டும். அதே விலைக் கம்பி இயர்போனில் பெரும்பகுதிப் பணம் டிரைவருக்கும் அதன் சரிசெய்தலுக்கும் போகிறது. ஆகவே ஒலி மட்டுமே அளவுகோல் என்றால், குறைந்த விலையில் கம்பிதான் வெல்கிறது. பைக் ஓட்டும் வேலை, உடற்பயிற்சி, ஓயாத அழைப்புகள் என்று கம்பி இடைஞ்சலாகும் வாழ்க்கை உள்ளவருக்கு நெக்பேண்ட் நல்ல சமரசம்: பேட்டரி பெரிது, தொலைவதில்லை, விலையும் குறைவு.

எல்டிஏசி 990 கிலோபிட், ஏஏசி, எஸ்பிசி என்ற கோடெக் (புளூடூத்தில் இசையைச் சுருக்கி அனுப்பும் முறை) பெயர்களைப் பார்த்து மயங்கத் தேவையில்லை. அவற்றுக்கு இடையிலான வேறுபாட்டைவிட இரண்டு இயர்பட்ஸ்களின் ஒலிச் சமநிலையில் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறிய பின் தளர்வது இயற்கை. இயர்பட்ஸ்களில் அதை மாற்றுவது பெரும்பாலும் இயலாது. பழைய கம்பி ஹெட்போனைத் தாராளமாகச் செகண்ட்ஹேண்டில் வாங்கலாம்; பழைய இயர்பட்ஸை வாங்கக் கூடாது.

இரைச்சல் நீக்கும் தொழில்நுட்பத்துக்கு போஸ் நிறுவனத்தின் அமர் போஸ் 1978இல் ஒரு விமானப் பயணத்தில் கணக்குப் போடத் தொடங்கினார். 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட் வந்தது. பேருந்து எஞ்சின், ஏசி போன்ற தாழ்ந்த, சீரான ஓசைகளை இந்தத் தொழில்நுட்பம் நன்றாக நீக்கும். பேச்சுக் குரலையும் ஹார்னையும் அவ்வளவாக நீக்காது. மலிவான கருவியில் காது முனை நன்றாக அடைப்பதே பெரும்பாலும் கூடுதல் பலன் தரும்.

அட்டைப்பெட்டி எண்கள்

‘50 மி.மீ. டிரைவர்’, ‘7.1 சரவுண்ட்’, ‘எட்டு டிரைவர்’, ‘5 ஹெர்ட்ஸ் முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை’ என்பவை தரத்தைச் சொல்வதில்லை. மனிதக் காதின் எல்லையே 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற மேல் எல்லை தாழும். எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத அதிர்வெண் எல்லைக்குப் பொருள் இல்லை. பயனுள்ள தகவல்கள் மூன்றே: கழற்றக்கூடிய கேபிள் உண்டா, மாற்று மெத்தை கிடைக்குமா, உத்தரவாதம் எத்தனை மாதம். கம்பி இயர்போன் சாவதற்கு முதல் காரணம் கேபிள் அறுவதே. கழற்றி மாட்டும் கேபிள் உள்ளதை வாங்கினால் அது சில நூறு ரூபாயில் தீரும்.

ஸ்பீக்கர்

அறையில் கேட்பவருக்கு ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஒரு ஜோடி சிறு ஸ்பீக்கர்கள் சிக்கனமானவை. காது உயரத்தில், சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி, கேட்பவரோடு சமபக்க முக்கோணம் அமையும்படி வைத்தால், மூலையில் முடக்கிய இரு மடங்கு விலை ஸ்பீக்கரைவிட நன்றாக ஒலிக்கும். சாலிடரிங் தெரிந்தவர்கள் சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் டிபிஏ3116 சில்லு கொண்ட ஆம்ப்ளிஃபயர் பலகை வாங்கி, வீட்டில் கிடக்கும் பழைய ஸ்பீக்கர் பெட்டிக்கு உயிர் கொடுக்கலாம்.

பராமரிப்பும் காதும்

நம் கடலோர ஊர்களின் வெப்பமும் ஈரமும் செயற்கைத் தோல் மெத்தையைச் சில ஆண்டுகளில் உரித்துவிடும். துணி மெத்தை அதிக நாள் உழைக்கும். இயர்போன் வலையில் காதழுக்கு அடைத்தால் ஒரு பக்கம் ஒலி குறையும். பழுது என்று தூக்கிப் போடுமுன் மென்மையான தூரிகையால் துடைத்துப் பார்க்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல், சிறுவர்களுக்கு அதே நேரம் 75 டெசிபெல். 90 டெசிபெலில் பெரியவர்களுக்கான நேரம் வாரத்துக்கு 4 மணியாகச் சுருங்கிவிடும். பேருந்தில் வெளிச்சத்தத்தை அமுக்க ஒலியைக் கூட்டுவதே பெரும் ஆபத்து; நன்றாக அடைக்கும் இயர்போன் அதைத் தவிர்க்கும். உட்செவியின் மயிர்ச்செல்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை. பாட்டை நிறுத்திய பிறகும் காதில் இரைச்சல் நீடித்தால், அடுத்த ஹெட்போனைத் தேடுவதை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.