கண்டன்சரா, காதா? ஒரு எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கரின் கதை

இன்னைக்குப் பேசப் போறது ஒரு ஸ்பீக்கரோட வரலாறு. ஆனா கதை ஆரம்பிக்கிறது ஒருத்தரோட காதுல.

என் பெரியப்பா புதுச்சேரி–கடலூர் ரோட்டுல இருக்கிற கிருமாம்பாக்கத்துல இருக்கார். ரேடியோ ரிப்பேர், பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் ரெண்டும் பார்த்தவர். போன வருஷம் போன்ல சாதாரணமா ஒரு வார்த்தை சொன்னார்: "பாட்டுக் கேக்குறதை விட்டுட்டேன்டா. காது போயிடுச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பாட்டு இல்லாம அந்த வீட்டை நான் பார்த்ததே இல்ல. அவர் கூடத்துல ஆள் உயரத்துக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் நிக்கும். புதுச்சேரியை விட்டுக் கிளம்பின ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டுச் சாமானோட சேர்த்து வித்துட்டுப் போனது. 1980-களோட கடைசியில செஞ்சது. முன்னாடி நின்னா ஜன்னல் வலை மாதிரி அந்தப் பக்கம் தெரியும். சின்ன வயசுல நான் கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கு: "இதுல ஸ்பீக்கர் எங்க பெரியப்பா?"

ஒலி எங்கிருந்து வருது?

நம்ம வீட்டு ஸ்பீக்கர்ல ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், ஒரு பேப்பர் கூம்பு இருக்கும். எலக்ட்ரோஸ்டேடிக்ல இது மூணுமே கிடையாது. ஓட்டை போட்ட ரெண்டு உலோகத் தகடு, நடுவுல தலைமுடியை விட மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் படலம். படலத்துல ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னேற்றம் நிக்கும். பாட்டோட சிக்னல் தகடுகளுக்குப் போகும்போது படலம் முன்னும் பின்னும் இழுபடும். அதுதான் ஒலி. எடையே இல்லாத மாதிரியான படலங்கிறதால, வீணைத் தந்தியை மீட்டுற அந்த நொடி அப்படியே கேக்கும்.

யோசனை பழசு. ஜெர்மனியில டிரை-எர்கான் குழு 1922-ல பெர்லின்ல பேசும் படம் போட்டுக் காட்டினப்போ, அவங்க ஸ்டேட்டோஃபோன் இந்த வகை ஸ்பீக்கர்தான். ஆனா பெருசா சத்தம் கொடுக்கிறது இந்த வகைக்குக் கஷ்டம். 1925-ல அமெரிக்காவுல ரைஸ், கெல்லாக்னு ரெண்டு பேர் காந்தமும் கம்பிச் சுருளும் வச்ச ஸ்பீக்கரைப் பத்திக் கட்டுரை வெளியிட்டாங்க. அந்த வகைதான் ஜெயிச்சது. 1931-ல முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' வந்தப்போ போட்டியே முடிஞ்சு போச்சு.

வேடிக்கை என்னன்னா, அதே கெல்லாக் 1929-ல எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கருக்கும் காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சார். 1934-ல கிடைச்சது. ஆனா அதுக்கு ஏத்த மெல்லிசான, கிழியாத படலம் அப்போ இல்ல. 1950-கள்ல மைலார் மாதிரி பாலியஸ்டர் படலங்கள் வந்த பிறகுதான் வழி திறந்துச்சு. இங்கிலாந்துல ஹண்டிங்டன் ஊர்ல பீட்டர் வாக்கர், 1957-ல குவாட் இஎஸ்எல்-ஐ விற்பனைக்குக் கொண்டு வந்தார். 1985 வரைக்கும், 28 வருஷம், அது உற்பத்தியில இருந்துச்சு.

1980-கள்ல அமெரிக்காவுல இன்னொரு வகை பிரபலமாச்சு. மேல எலக்ட்ரோஸ்டேடிக் படலம், கீழ பேஸுக்குச் சாதாரணக் கூம்பு. பெரியப்பாகிட்ட இருக்கிறது இந்தக் கலப்பினம். இதுல பாட்டை ரெண்டாப் பிரிச்சு, கனமான பகுதியைக் கூம்புக்கும் மீதியைப் படலத்துக்கும் அனுப்ப ஒரு சர்க்யூட் வேணும். அதுதான் கிராஸ்ஓவர்.

முதல்ல அளந்து பாரு

நான் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். எஸ். பாலச்சந்தரோட வீணை ரெக்கார்டைப் போட்டார். "உனக்கு எப்படி இருக்கு?"ன்னு கேட்டார். மங்கலாத்தான் இருந்துச்சு. கம்பளி போர்த்தின மாதிரி. வீணை நடுவுல இல்லாம வலது பக்கமா ஒதுங்கி உட்கார்ந்திருந்துச்சு.

"எனக்கும் அப்படித்தான் கேக்குது பெரியப்பா"ன்னேன். அவர் முகம் மாறினதை மறக்க முடியாது. எத்தனையோ மாசமா தன் காதை மட்டுமே சந்தேகப்பட்டிருக்கார்.

நான் உடனே இறக்குமதிக் கண்டன்சர் விலையெல்லாம் போன்ல பார்க்க ஆரம்பிச்சேன். ஒண்ணே பல ஆயிரம். அவர் சிரிச்சார். "முதல்ல அளந்து பாருடா."

பிளக்கைப் பிடுங்கி, ஒரு ராத்திரி முழுக்க அப்படியே விட்டோம். வீட்டுல யாரும் அவசரப்பட்டுத் திறந்துடாதீங்க. கரண்ட் இல்லாட்டியும் உள்ள சார்ஜ் நிக்கும், அது உயிரோட விளையாடுற விஷயம்.

படலத்துக்குப் போற வழியில இருந்த எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்ல 75 மைக்ரோஃபாரட்னு போட்டிருந்துச்சு. அளந்தா இடது பக்கம் 58, வலது பக்கம் 69. இந்த வகைக் கண்டன்சர் உள்ள திரவம் இருக்கும், வருஷம் போகப் போக அது காயும். சூடு பத்து டிகிரி கூடினா ஆயுசு பாதியாகும்னு ஒரு கணக்கு உண்டு. நம்ம ஊர் மே மாசத்தை நினைச்சுப் பாருங்க.

மதிப்பு குறைஞ்சா, படலத்துக்குப் போற குரலோட அடிப்பகுதி குறையும். ரெண்டு பக்கமும் வேற வேற அளவுல குறைஞ்சா, இசை நடுவுல நிக்காது. காயும்போது கண்டன்சரோட உள்தடையும் ஏறும். சாதாரண ஸ்பீக்கர்ல ஒரு ஓம் கூடினா பெருசாத் தெரியாது. ஆனா எலக்ட்ரோஸ்டேடிக் படலமே ஒரு கண்டன்சர் மாதிரிதான். உச்ச சுருதியில அதோட மின்மறுப்பு ஒண்ணு ரெண்டு ஓமுக்கு இறங்கிடும். அங்க ஒரு ஓம் தடை வந்தா மேல் சுருதியில பெரும் பங்கு போயிடும். கம்பளி போர்த்தினது அதுதான்.

பம்ப்செட் கண்டன்சர்

பெரியப்பா தன் பழைய பெட்டியைத் திறந்தார். போர்வெல் மோட்டாருக்குப் போடுற 72 மைக்ரோஃபாரட் கண்டன்சர், கூடவே ஃபேனுக்குப் போடுற 3.15. ரெண்டையும் பக்கவாட்டுல சேர்த்தா 75.15. மோட்டார் ஓடும்போது சர்க்யூட்லயே இருக்கிற ரன்னிங் கண்டன்சர் உள்ள பாலிபுரோப்பிலீன் படலம்தான் இருக்கும். நான் போன்ல பார்த்த விலை உயர்ந்த சரக்குலயும் அதே பிளாஸ்டிக்தான். ஸ்டார்ட்டிங் கண்டன்சர் வேற, அது எலக்ட்ரோலைட்டிக், இதுக்கு ஆகாது. பாகூர் வட்டாரத்து வயலுக்குத் தண்ணி இறைக்கிற சாமான், வீணைக்கு வந்துச்சு.

போட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். சத்தம் பளிச்னு இருந்துச்சு. பெரியப்பா தலையாட்டினார். "இது கூசுதுடா. முன்ன இப்படி இல்ல."

அவர் சொன்னது சரி. பழைய கண்டன்சர் புதுசா இருந்தப்பவே அதுக்குக் கொஞ்சம் உள்தடை இருந்திருக்கும். வடிவமைச்சவர் அதையும் கணக்குல வச்சுத்தான் சத்தத்தைச் சமன் பண்ணியிருப்பார். புதுசுல அந்தத் தடை கிட்டத்தட்ட இல்ல. அரை ஓம் ரெசிஸ்டர் ஒண்ணைத் தொடர்ச்சியா வச்சு சால்டர் பண்ணார். வீணை நடுவுக்கு வந்துச்சு, கூச்சமும் போச்சு.

நான் 'அப்கிரேட்'னு நினைச்சது இன்னும் பெருசா, இன்னும் விலையா ஒண்ணை வைக்கிறது. அவர் செஞ்சது, எது கிழடாச்சுன்னு கண்டுபிடிச்சு, அதை மட்டும் இருந்த இடத்துக்குத் திருப்பிக் கொண்டு வந்தது.

முழுசா ஜெயிச்சுட்டோம்னு சொல்ல மாட்டேன். பாட்டு ஓடும்போது நான் ஜாலராவைப் பத்திச் சொன்னேன். "ஜாலராவா? எங்க?"ன்னு கேட்டார். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் அவரே சொன்னார்: "சரி, பாதி கண்டன்சர், பாதி காது. பாதியாவது திரும்பி வந்துச்சே."

இப்ப தினமும் சாயங்காலம் பாட்டு ஓடுது. உங்க வீட்டுல யாராவது "எனக்குக் காது போச்சு"ன்னு சொன்னா, பக்கத்துல உட்கார்ந்து நீங்களும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அப்படியே ஸ்பீக்கரையும் அளந்து பாருங்க.