இரண்டரை மில்லிமீட்டர் நியாயம்

திருப்பூரில் ஒரு துணியைப் பற்றி விசாரித்தால் முதலில் வருவது ஜிஎஸ்எம் கணக்குதான், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. சிங்கிள் ஜெர்சி 160-ஆ, 180-ஆ, குளிருக்கான ஃபிளீஸ் என்றால் 300-ஐத் தொடுமா என்று பேச்சு போகும். இந்த ஊர்க்காரர் ஒருவரை உலகக் கோப்பைத் துப்பாக்கி சுடும் போட்டியின் உபகரணச் சோதனை மேசைக்கு அழைத்துப்போனால் அந்நியமாக உணரமாட்டார். அங்கேயும் துணியைத்தான் அளந்துகொண்டிருப்பார்கள். ரைஃபிள் வீரர் அணியும் கான்வாஸ் கோட்டின் தடிமன் ஒற்றை மடிப்பில் 2.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, இரட்டை மடிப்பில் 5. விறைப்பைப் பார்க்கத் தனிக் கருவி உண்டு. 60 மி.மீ. விட்டமுள்ள வளையத்தின்மேல் துணியை விரித்து ஒரு கிலோ எடையால் அழுத்துவார்கள். துணி குறைந்தது 3 மி.மீ. குழிய வேண்டும். குழியாத கோட்டுக்குக் களத்தில் இடமில்லை. உள்ளே போடும் பனியனுக்கும் அதே 2.5 மி.மீ. வரம்புதான்.

துப்பாக்கிப் போட்டியில் துணிக்கு ஏன் இத்தனை கெடுபிடி? நின்று சுடுகிறவர் முதுகைப் பின்னால் வளைத்து, துப்பாக்கியைத் தாங்கும் கையின் முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றிக்கொள்வார். துப்பாக்கி ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். இதயம் ஒருமுறை துடித்தாலே குழல் அசையும். கோட்டு பலகைபோல் விறைத்து நின்றால் முதுகெலும்பு செய்யவேண்டிய வேலையை அது செய்துவிடும். அப்போது பரிசு சுட்டவருக்கா, தைத்தவருக்கா?

போட்டியாளர்களுக்கு எது பொதுவாக இருக்கவேண்டும் என்ற கேள்வி இந்த விளையாட்டோடு கூடவே பிறந்தது. பிரிட்டனில் 1859-இல் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கம் 1860-இல் விம்பிள்டனில் தன் முதல் போட்டியை நடத்தியது. தாங்கியில் பூட்டிய விட்வொர்த் ரைஃபிளின் பட்டுக்கயிற்றை இழுத்து விக்டோரியா ராணி முதல் குண்டைச் சுட்டார். ராணி பெயரிலான பரிசு எட்வர்ட் ராஸ் என்பவருக்குப் போனது. போட்டியாளர்கள் ஒரே வகைத் துப்பாக்கியால் சுடவேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. துப்பாக்கியில் நுணுக்கம் காட்ட விரும்பியவர்களுக்காக எல்கோ கேடயம் போன்ற போட்டிகள் தனியே வந்தன. சங்கம் 1890-இல் பிஸ்லிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே டார்கெட் ரைஃபிள் போட்டிகளில் தோட்டாவைச் சங்கமே கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலைத்தது. வீட்டில் பார்த்துப் பார்த்து நிரப்பிய தோட்டாவோடு வருகிறவருக்கு அதனால் அனுகூலம் கிடையாது.

இந்தியாவில் பேதம் இதைவிட முரட்டுத்தனமானது. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். ஐரோப்பியருக்கு அந்தத் தொல்லை இல்லை. குடகர்கள் போன்ற மிகச் சிலருக்கே விலக்குக் கிடைத்தது. நீலகிரி வாலண்டியர் ரைஃபிள்ஸ் போன்ற படைகளில் தோட்டத் துரைமார்கள் குறிபார்த்துப் பழகிய அதே காலத்தில், மலைக்குக் கீழே பருத்தி விதைத்துக்கொண்டிருந்த கொங்குக் குடியானவர் துப்பாக்கியைத் தொட முதலில் ஒரு காகிதம் வாங்கியாக வேண்டியிருந்தது. கோட்டின் தடிமனைப் பற்றியெல்லாம் அங்கே பேச்சே எழவில்லை.

இந்தியத் தேசிய ரைஃபிள் சங்கம் 1951-இல் உருவானது. முதல் மக்களவைத் தலைவர் ஜி.வி. மவ்லாங்கர் அதன் நிறுவனர். அவர் பெயரிலான அகில இந்தியப் போட்டி இன்றும் தேசியப் போட்டிக்குப் போகும் படிகளில் ஒன்று. ஆனாலும் முதல் சில பத்தாண்டுகளில் இந்தியத் துப்பாக்கி சுடுதலின் முகமாக இருந்தவர் பிகானேர் மகாராஜா கர்ணி சிங். 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்டவர். அவருடைய திறமையில் ஐயமில்லை. ஆனால் அரண்மனைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

யாரை யாரோடு சுடவிடுவது என்ற பிரிவுகளின் கதையில் 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக் தனி அத்தியாயம். 50 மீட்டர் மூன்று நிலை ரைஃபிள் போட்டியில் அப்போது ஆணும் பெண்ணும் ஒன்றாகவே சுட்டார்கள். அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக், அவருடைய சக நாட்டவர் லானி பேஷம், இருவருக்கும் 1162 புள்ளிகள். மறுசுற்று இல்லை. புள்ளிகளை ஒப்பிட்டு பேஷமுக்குத் தங்கம் தந்தார்கள். கீதம் ஒலிக்கும்போது அவர் மர்டாக்கைத் தன் படிக்கே கைகொடுத்து ஏற்றிக்கொண்டார். எட்டு ஆண்டுகள் கழித்து லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்களுக்கென ரைஃபிள் போட்டிகள் தனியாக வந்தன. பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் ஆண்களுக்கு 60 குண்டு, பெண்களுக்கு 40. ஒரு பெண் ஆணுக்குச் சமமாகச் சுட்டுக் காட்டிய பிறகு இப்படிப் பிரித்ததில் என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றுகிறது. பெண்களுக்கும் 60 என்று ஆனது 2018-இல்தான்.

இதற்கிடையே கருவிகள் வெகுவாக முன்னேறிவிட்டன. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2010 தில்லி காமன்வெல்த் போட்டியின் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் 600-க்கு 600 எடுத்தார். அறுபது குண்டும் பத்தில். முழு மதிப்பெண் எட்டக்கூடியது என்றாகிவிட்டால் வல்லவர்களுக்குள் யார் மேல் என்று காட்ட அளவுகோல் போதாது. 2013 முதல் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றிலும் தசமப் புள்ளி வந்தது. இறுதிச் சுற்று பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. ஆடை விதிகளும் கறாராக அமலாயின. உடம்பில் ஒட்டுப்பட்டை சுற்றிக்கொள்ளத் தடை. போட்டி முடிந்த பிறகும் சிலரை அழைத்துக் கோட்டைச் சோதிப்பார்கள். அங்கே தேறாவிட்டால் தகுதிநீக்கம்.

இதில் ஒரு சிக்கல் இருப்பதைத் துணிக்காரர்கள் சட்டென்று பிடித்துவிடுவார்கள். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் நார். வணிகக் கணக்கிலேயே அதன் ஈர அளவு 8.5 சதவீதம். அதனால்தான் துணி ஆய்வகங்கள் 65 சதவீத ஈரப்பதத்தில் துணியை வைத்திருந்து பிறகு அளக்கின்றன. காலையில் தேறிய கோட்டு குளிரூட்டிய அரங்கிலும் அப்படியே நடந்துகொள்ளும் என்பதற்கு உறுதியில்லை. மைக்ரான் கணக்கில் நியாயம் தேடினால் வானிலையோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

உபகரணச் சோதனை மேசை அளக்காத ஒன்று உண்டு, அது காசு. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 2008-இல் கடைசிக் குண்டை 10.8-இல் பதித்துத் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே பயிற்சிக்கூடம் இருந்தது. அவர் உழைப்பை அது சிறுமைப்படுத்தாது. ஆனால் ஜெர்மன் தயாரிப்புப் போட்டித் துப்பாக்கி சில லட்சம் ரூபாய், கோட்டும் கால்சட்டையும் காலணியும் அதற்கு மேல் என்னும்போது அந்த வசதியை மறந்துவிட முடியாது. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், நாரங்கின் பயிற்சி நிறுவனத்தின் வழியாக மேலே வந்தவர். 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் 251.7 புள்ளிகளோடு தங்கம் வென்றார். அந்தக் கைதூக்கல் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

அமெரிக்கப் பள்ளிப் போட்டிகள் இந்தக் காசு வித்தியாசத்துக்கு நேரடியான வழியொன்று கண்டன. மூன்று நிலை ஏர் ரைஃபிளில் ‘பிரிசிஷன்’, ‘ஸ்போர்ட்டர்’ என்று இரண்டு பிரிவுகள். ஸ்போர்ட்டரில் டெய்சி 853 மாதிரியான எளிய, பட்டியலிட்ட துப்பாக்கிகள் மட்டும். விறைப்பான கோட்டு, கால்சட்டை, காலணி எதற்கும் இடமில்லை. சாதாரண ஸ்வெட்ஷர்ட் போட்டுக்கொள்ளலாம். இதைத் தவிர அங்கே பெரியவர்களுக்குச் சராசரிப் புள்ளியை வைத்து மார்க்ஸ்மன் முதல் ஹை மாஸ்டர் வரை திறமைப் படிகளும் உண்டு. புதிதாக வந்தவர் தன்னளவு ஆட்களோடு மோதுவார்.

தமிழ்நாட்டில் மாநிலப் போட்டிகளில் ஓப்பன் சைட் ஏர் ரைஃபிளுக்கு இடம் இருக்கிறது. துளைவழி குறிபார்க்கும் விலையுயர்ந்த பீப் சைட் இல்லாத துப்பாக்கியோடு ஒரு பள்ளி மாணவி நுழையக்கூடிய வாசல் அது. மேலே தேசிய விதிப் பிரிவு, அதற்கும் மேலே சர்வதேச விதிப் பிரிவு; ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்சத் தகுதிப் புள்ளி. வயதுப் பிரிவுகள் வேறு. நடிகர் அஜித் குமார் 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் பதக்கங்கள் வாங்கியபோதுதான், ‘மாஸ்டர்’ என்று மூத்தவர்களுக்கொரு பிரிவு இருப்பதே பலருக்குத் தெரியவந்தது.

ஏர் ரைஃபிளில் குழல் விட்டம் 4.5 மி.மீ.யையும் சக்தி 20 ஜூலையும் தாண்டாவிட்டால் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. தோட்டா போடும் .22 ரைஃபிளுக்கு நகர்ந்தால் நிலைமை மாறுகிறது. தேசியப் போட்டியில் தகுதிப் புள்ளி எடுத்து ‘ரினௌன்ட் ஷாட்’ ஆனவருக்குத்தான் இறக்குமதிச் சலுகையும் தாராளமான தோட்டா ஒதுக்கீடும். அந்தப் புள்ளியை எட்டும்வரை புதியவர் கிளப்பின் பழைய துப்பாக்கிக்கு வரிசையில் நின்று, எண்ணிக் கொடுத்த தோட்டாக்களில் பழகவேண்டும். அவர் எதிர்த்துச் சுடுவதோ, சொந்தத் துப்பாக்கியோடு வருகிறவர்களை.