பீட்டரும் முயலும்



முதலாம் ஆண்டு வகுப்பை ஏற்று நடத்தும் ஆசிரியர்களுக்கு இக்காட்சி புதியதன்று. பள்ளி வாயிலில் தாயின் கையைப் பற்றிக்கொண்டு ஒரு பிள்ளை நடுங்கி நிற்கும். "விட்டுட்டுப் போங்கம்மா, தானா சரியாயிடும்" என்போம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே சொன்னவன்தான். என் மகளுக்குத் திங்கட்கிழமைதோறும் வயிற்று வலி வரத் தொடங்கியது. வயிற்றில் கோளாறு ஏதுமில்லை, பதற்றமே காரணம் என்றார் மருத்துவர். அந்நாள்களில் தேடிப் படித்த வரலாறு இது.

1920-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் வாட்சன், ரோசலி ரேய்னர் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 'ஆல்பர்ட்' என்னும் 11 மாதக் குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் அதன் தலைக்குப் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்தனர். பின்னர் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. அவ்வச்சத்தைப் போக்காமலேயே ஆய்வு முடிந்தது. அச்சத்தை உண்டாக்கலாம் என்று காட்டினார்கள், சரி. நீக்க வழி?

அவ்வினாவை எடுத்துக்கொண்டவர் ரேய்னரின் கல்லூரித் தோழி மேரி கவர் ஜோன்ஸ். நியூயார்க்கில் அவர் ஆராய்ந்த சிறுவனுக்குப் 'பீட்டர்' என்று பெயரிட்டு, 1924-இல் கட்டுரை வெளியிட்டார். மூன்று வயதுகூட நிரம்பாத பீட்டருக்கு முயல் என்றால் நடுக்கம். பஞ்சு, உரோம மேலாடை, இறகு என்று எதைக் கண்டாலும் அச்சம். முயலுக்கு அஞ்சாத பிள்ளைகளோடு அவனை விளையாட விட்டார் ஜோன்ஸ். கூண்டிலிருந்த முயல் முதலில் 12 அடி தொலைவில். பிறகு 4 அடி. பிறகு 3 அடி. அவனும் மெல்லத் தேறிவந்தான். அப்போது செங்காய்ச்சல் கண்டு ஏறக்குறைய இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தான். வீடு திரும்பும் வேளையில் பெரிய நாயொன்று பாய, அவனும் உடனிருந்த தாதியும் ஒருசேர மிரண்டனர். பழைய அச்சம் முழுமையாய்த் திரும்பிவிட்டது.

ஜோன்ஸ் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை, பீட்டர் விரும்பிய உணவை உண்ணும்போது, அவன் உண்பது தடைபடாத அளவுக்கு மட்டும் முயலை அருகே கொண்டுவந்தார். அவசரப்பட்டால் முயல்மீதுள்ள அச்சம் உணவின்மீதும் தொற்றிக்கொள்ளும் என்று அவரே எச்சரித்திருக்கிறார். இறுதியில் முயல் தன் விரலைக் கொறிக்கவும் பீட்டர் இடங்கொடுத்தான். பிற்காலத்தில் 'நடத்தைச் சிகிச்சையின் தாய்' என்று ஜோன்ஸ் போற்றப்பட்டது இப்பணிக்காகத்தான்.

நானும் அவ்வழியே முயன்றேன். முதல் வாரம் மகளோடு வகுப்பறை வாசல்வரை சென்றேன். அடுத்த வாரம் சிற்றுண்டிச்சாலை வரை. அதன்பின் வாயிற்கதவோடு நின்றேன். இடையில் ஒரு காய்ச்சல். மீண்டும் வகுப்பறை வாசலுக்கே போக வேண்டியதாயிற்று. பீட்டரின் கதையை அறிந்திராவிட்டால் அன்று பொறுமை இழந்திருப்பேன்.

ஒன்றை மறைக்கக்கூடாது. வலி என்று அவள் சொன்ன நாளெல்லாம் விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவன், ஆசிரியனான நானேதான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழுவினர் 7 முதல் 14 வயதுவரையான 124 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2020-இல் அச்சேறியது. ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கே நேரடிச் சிகிச்சை. மறு பிரிவில் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. பிள்ளையின் அச்சத்துக்கு வளைந்துகொடுப்பதைக் குறைக்கவும், "உன்னால் தாங்கிக்கொள்ள முடியும்" என்று பரிவோடு உணர்த்தவும் பெற்றோர் கற்றனர். இரு பிரிவிலும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அதைப் படித்தபோது என் விடுப்புக் கடிதங்கள்தாம் நினைவுக்கு வந்தன.

பீட்டரின் வீட்டைப் பற்றியும் ஜோன்ஸ் எழுதியிருக்கிறார். யாரோ உன்னைத் திருடிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள் என்று அச்சுறுத்தியே தாய் அவனை வீட்டுக்குள் அழைப்பாராம். "மாத்தா வந்து பிடிச்சிட்டுப் போயிடுவான்" என்று நம் வீடுகளில் சொல்வதில்லையா? நானும் சொல்லியிருக்கிறேன்.